கடவுள் பங்கு ரொட்டி

என் அண்ணிக்குப் பக்தி அதிகம். பிடிவாதம் அதைவிட அதிகம். எங்கள் பேக்கரியில் அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டு ரொட்டி விற்பனைக்கு இல்லை. அது கடவுள் பங்கு. பின்சந்து ஜன்னலின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீளும் ஏழைகளின் கைகளில், குனிந்து முகம் பார்க்காமல் வைத்துக்கொண்டே போவாள்.

"முகத்தைப் பாத்துக் குடுத்தா வாங்குறவங்க கூசிப்போவாங்க. நமக்கும் தலைக்கனம் ஏறிடும். அப்புறம் அது கடவுள்கிட்ட போய்ச் சேருமா?" என்பாள்.

"ஆமா, உங்களுக்குத் தலைக்கனமே இல்ல பாருங்க!" என்று மாவு பிசைந்தபடி வாயைக் கிளறுவேன். சிரிக்கமாட்டாள். அவள் தம்பி போனதிலிருந்து அப்படித்தான். குடித்துவிட்டு எங்கள் வண்டியைச் சுவரில் மோதியவன், அக்கா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஓடிப்போனான். தாயில்லாப் பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். ஆஸ்பத்திரி, சிறை, பேருந்து நிலையம் என்று அவள் தேடாத இடமில்லை.

இந்தக் குளிர்காலத்தில் கந்தல் சுற்றிய ஒரு கை தினமும் வந்தது. கூடவே இருமல். பாவம் என்று அண்ணி அதில் இன்னொரு ரொட்டியும் சேர்த்து வைப்பாள். திடீரென்று அந்தக் கை வரவில்லை.

"அந்த இருமல்காரர் எங்கப்பா?" என்று ஷட்டருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டாள்.

"போய்ச் சேந்துட்டான்மா. நேத்துதான் அடக்கம் பண்ணாங்க," என்றது ஒரு கிழவரின் குரல். "நீங்க அவன் அக்காவாமே. சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். 'அக்கா குனிஞ்சு பாக்க மாட்டா, அந்தத் தைரியத்துலதான் வர்றேன்'னு சொல்வான்."

தட்டு கீழே விழுந்தது. ஓடிப்போய் அவளைத் தாங்கி உட்காரவைத்தேன். பாவிப்பயல், ஒரு தடவை 'அக்கா' என்று வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

அண்ணி அழவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"உன் பேரச் சொல்லித்தானே நான் பாக்காம இருந்தேன்," என்றாள்.

ஜன்னலில் கைகள் இன்னும் நீண்டபடியே இருந்தன. சிதறிய ரொட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அதக் குடுக்காத, தரையில விழுந்தது," என்றாள் அண்ணி. சுவரைப் பிடித்து எழுந்தாள். "இரு, அடுத்த தட்ட எடுத்துட்டு வர்றேன்."