அப்புக்காத்தர் வீட்டு இளைய மகள்

அந்த வீட்டுக்கு வாசற்படிகள் பதினொன்று. நாளுக்கு இரண்டு தரம் கூட்டிய வதனாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இளவாலைப் பக்கத்தில், விக்டோரியா மகாராணி காலத்தில், 1889இல் அப்புக்காத்து லாசர் கட்டிய வீடு அது. அவர் வழக்குப் பேச எழுந்தால் வெள்ளைக்கார நீதவானே நிமிர்ந்து உட்காருவாராம். குடும்பத்தார் சொன்ன கதைதான், கூடக்குறைய இருக்கும். பர்மாத் தேக்கில் முப்பத்துநாலு யன்னல்கள். மலாயாவில் ஒரு மகன் டாக்டர், இன்னொருவன் பாதிரியார். மாதா கோயிலில் உட்கார முதல் வரிசை வாங்கு தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத்தான். இவ்வளவு பெருமைக்கும் சோறு வடித்துப் போட்டவர்கள் குசினிக் கதவைத் தாண்டி உள்ளே போய் உட்கார முடியாது. வதனாவின் தாய் அந்தக் குசினியில் சமைத்தாள். வதனா பின்கட்டு அறையில் பிறந்தாள். தகப்பன் யாரென்று தாய் வாய் திறக்கவேயில்லை.

தொண்ணூறில் ஆமி வீட்டைப் பிடித்தது. குடும்பம் ஒரு திக்கில் போக, தாயும் மகளும் வன்னிக்குப் போனார்கள். கடைசி எசமான் ஜெயரட்ணம் வீட்டுக் கவலையிலேயே செத்தார். தாயை 2009இல் பங்கருக்குள் விழுந்த செல் கொன்றது. வதனா தனியாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்தாள்.

லா சப்பலில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர், வேலைக்காரி என்றால் யாரும் நம்பமாட்டார்கள், பெரிய வீட்டுப் பிள்ளை என்று போடுவோம் என்றார். தகப்பன் பெயர் கேட்டார். அவளிடம்தான் ஒரு பெயரும் இல்லையே. ஜெயரட்ணம் என்றாள். விசாரணையில் அதிகாரி வீட்டைப் பற்றி மூன்று மணித்தியாலம் துருவினார். லாசரிலிருந்து கடைசி யன்னல் கொழுக்கி வரைக்கும் சொன்னாள். பத்து வருட வதிவிடக் கார்ட் கிடைத்தது. ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, மார்க்ஸ் டோர்மோயில் ஒரு அறையில் காலம் போனது.

2012இல் மேரிறோஸ் வந்தாள். ஜெயரட்ணத்தின் உண்மையான மகள். நான் ஒரே பிள்ளை என்று உள்ளதைச் சொன்னாள். உன் தங்கை ஏற்கெனவே இங்கே அகதி என்றார்கள். வாசற்படி எத்தனை என்று கேட்டார்கள். ஐந்தோ ஆறோ என்றாள். கூட்டாத படியை எண்ணுவார்களா என்ன? கேஸ் விழுந்தது.

அவள் ரெஸ்டோரண்டின் பின்வாசலில் வந்து நின்றபோது வதனா கழுவின கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். மேரிறோஸ் சண்டை பிடிக்கவில்லை. சட்டத்தரணி சொன்னதைச் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு. ஒன்று, வதனா பொய்க்காரி என்று நிரூபிக்கவேண்டும். அப்போது இவளுடைய கார்ட் போய்விடும். அல்லது, தங்கை இருப்பதை மறைத்துவிட்டேன் என்று மேரிறோஸ் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். இரண்டு பேரும் தப்பலாம்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிர்க் கஃபேயில் ஞாயிறுதோறும் வதனா அவளுக்கு வீட்டைப் படிப்பித்தாள். படிகள், யன்னல்கள், கிணறு, எந்தக் கதவு கிறீச்சிடும் என்பதெல்லாம். மேரிறோஸ் கெட்டிக்காரி, எல்லாம் பாடமாக்கினாள். கடிதத்தில் மட்டும் கையெழுத்து விழவில்லை.

கடைசி நாளும் வந்தது. வதனாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இங்கே வந்துமா இந்தப் பெருமை?

"ஒரு பொய்தானே றோசம்மா. கடதாசியிலை மட்டும்தானே."

மேரிறோஸ் கடிதத்தைத் தள்ளி வைத்தாள். "பொய்யெண்டால் அண்டைக்கே கையெழுத்து வைச்சிருப்பன். அப்பா சாகேக்கை உன்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவர். அம்மா பக்கத்திலை நிக்க."

மேரிறோஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடிதம் போகவில்லை, மேல்முறையீடும் தோற்றது. அவள் வதனாவைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. இன்று பாரிசுக்கு வெளியே எபினேயில் விசா இல்லாமல் யாரோ வீட்டுத் தரை துடைக்கிறாள். அக்கா என்று கூப்பிட வதனாவுக்கு முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி கிடைத்தாள். வதனா ரெலிபோன் அடித்தால், அவள் பேசுவதில்லை.