செயினுக்குக் கேரண்டி இல்லை

நேற்று என் மகளுக்குக் கூரியரில் ஒரு முதுகுப்பை வந்தது. வாரக் கடைசியில் தோழிகளோடு மலைப்பக்கம் போகப்போகிறாள். அதற்காக ஒரு வாரம் கைப்பேசியைத் தடவித் தடவித் தேர்ந்தெடுத்த பை. வாங்கியவர்கள் எல்லோரும் புகழ்ந்து எழுதியிருப்பதை எனக்கு வாசித்தும் காட்டினாள். நான் நம்பவில்லை. சாமான் வாங்கிய கையோடு ஒருவர் உட்கார்ந்து, யாருக்காகவோ நாலு வரி நல்லதாக எழுதுவாரா? எழுதினவன் கடைக்காரனுடைய மச்சானாக இருப்பான் என்றேன்.

"அம்மா, நீங்க எல்லாரையும் டவுட் பண்றீங்க. இது அச்சா பேக்மா, பக்கா," என்றாள். டெல்லியில் பிறந்தவள். அவள் தமிழ் அவ்வளவுதான். அதற்கு நானும்தான் பொறுப்பு.

பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. பூச்சுப் பூசிய புது நைலான் துணியின் வாசனை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புது மழைக்கோட்டு. பைக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். மகள் முகத்தைச் சுளித்தாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசனை வந்தாலே டெல்லி சதர் பஜாரில் ஒரு குறுகலான கடையும், அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியமும் ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்டெனோ வேலை கிடைத்து திண்டுக்கல்லிலிருந்து டெல்லிக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கோல் மார்க்கெட் பக்கத்தில் வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இருந்தேன். அறையில் என்னோடு ஜெசிந்தா அக்கா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டெல்லிக்கு வந்து நாலு வருஷம் ஆகி, ஹிந்தியில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

நான் தேறியிருந்தது சந்தேகப்படுவதில். ரயில் ஏற்றும்போது அம்மா, "டெல்லியில எல்லாரும் ஏமாத்துவாங்க, யாரு எதைக் குடுத்தாலும் திங்காதே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். ஆட்டோ மீட்டர், பால்காரர், விடுதிப் பருப்பு, எல்லாவற்றின் மேலும் எனக்கு ஒரு கண். குளியல் சோப்பில் நகத்தால் அடையாளம் போட்டு வைப்பேன். ஒருநாள் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, சோப்புல கோடு போட்டு வச்சிருக்கியே, நானா தேய்க்கப்போறேன்?"

"இல்லக்கா, அது தானா விழுந்த கோடு."

"தானா நாலு கோடு விழுமாக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். வேறு யாராவதாக இருந்தால் அறையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஹிந்தியும் அதே கணக்கில்தான் படித்தேன். சின்னப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் மனப்பாடம் செய்தவை: எவ்வளவு, ரொம்ப ஜாஸ்தி, வேண்டாம், திருடன். மீதிப் பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இத்தனை காவலும் எதற்கு என்றால் என் கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் செயினுக்கு. வேலைக்குக் கிளம்பும்போது அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டது. எங்கள் வீட்டில் தங்கம் என்று இருந்தது அது ஒன்றுதான். தூங்கும்போதும் ஒரு கை அதன் மேல் இருக்கும்.

அக்காவும் ஆஸ்பத்திரித் தோழிகளும் விடுப்பு ஒன்றாக அமையும்போது ரிஷிகேஷுக்கு மேலே மலைப்பக்கம் இரண்டு நாள் நடந்துவிட்டு வருவார்கள். அந்த முறை என்னையும் கூப்பிட்டார். என்னிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதை முதுகில் கட்டிக்கொண்டு மலையேற முடியாது. முதுகுப்பை வாங்கவேண்டும். விலையும் கையைக் கடிக்கக்கூடாது, பையும் பத்து வருஷம் உழைக்கவேண்டும்.

மூன்று வாரம் தேடினோம். பஹாட்கஞ்சில் வெள்ளைக்காரப் பயணிகள் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போகிற பழைய பைகள் கிடைக்கும். முரட்டுப் பைகள், விலையும் சல்லிசு. ஆனால் அவன் அதற்குள் எதைக் கடத்தினானோ? ஒவ்வொரு அறையிலும் கைவிட்டுத் துழாவினேன். நமுத்துப்போன பிஸ்கட்டும் ஒற்றைக் காலுறையும்தான் அகப்பட்டன. அதுவே போதும் என்று வந்துவிட்டேன். கண்டோன்மென்ட் பக்கம் பட்டாளத்துப் பைகள் விற்கும் கடைக்குப் போனோம். கனத்த கான்வாஸ், காலிப் பையே இடுப்புக் குழந்தை கனம் கனத்தது. மழையில் நனைந்தால் என்னையும் சேர்த்து அக்காதான் தூக்கவேண்டும்.

கடைசியாக சதர் பஜார். விட்டம்வரை பைகள் தொங்கின, நடுவில் ஒரு ஸ்டூல், நான் சொன்ன அந்த வாசனை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், மருதாணித் தலை. டீ சொல்லட்டுமா என்றார். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றேன். "எக்ஸ்போர்ட் பீஸ்" என்று ஒரு நீலப் பையை இறக்கினார். வெளிநாட்டுக்குப் போகவேண்டியது இங்கே ஏன் தொங்குகிறது? லேபிளைப் படித்தேன். கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். அதைக் காட்டியதும் அவர் வெட்கப்படாமல் சிரித்து, லேபிளைப் பிய்த்துக் கீழே போட்டார்.

"லேபிள் ஜூட்டா, பேக் சச்சா," என்றார். லேபிள் பொய், பை நிஜம்.

இப்படி ஒருவர் உண்மையைச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். வார்ப்பட்டை சேருமிடத்தில் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். துணியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒட்டாமல் ஓடியது. உள்பூச்சைச் சுரண்டினேன், உரியவில்லை. கடைசியில் பக்கத்துக் கடை எடைக்கற்களைப் பைக்குள் போட்டுக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். அதற்குள் அக்கா பொறுமை போய், காலுறை வாங்குகிறேன் என்று வெளியே போய்விட்டார். கடைக்காரர் நான் கேட்டதையெல்லாம் செய்தார். விலை படிந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னை நோக்கி விரலை நீட்டி ஒன்று சொன்னார்.

"கப்டா பக்கா, சிலாயி பக்கா, பட்டா பக்கா. பஸ், செயின் கீ கேரண்டி நஹீ."

துணி, தையல், பட்டை எல்லாம் உறுதி. செயினுக்கு மட்டும் கேரண்டி இல்லை. என் கை கழுத்துக்குப் போனது. இந்தக் கூட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எச்சரிக்கிறாரா, அல்லது அறுக்கிற ஆளே இவருக்கு வேண்டியவனா? மீதியைக்கூட எண்ணாமல் வெளியே ஓடிவந்தேன்.

"என்னட்டி, பேயக் கண்டாப்ல ஓடியாற?"

"ஒண்ணுமில்லக்கா, ஜல்தி வாங்க, போலாம்."

அக்காவிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விஷயம் தெளிந்திருக்கும். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

கிளம்புகிற சனிக்கிழமை காலை, கடைக்காரர் விரல் கண்முன் நிற்க, செயினைக் கழற்றினேன். கைக்குட்டையில் முடிந்து, ஒரு காலுறைக்குள் திணித்து, பையில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். அதற்கு மேல் போர்வை, ஸ்வெட்டர், இட்லிப்பொடி, இரண்டு ஆள் சாப்பிடுகிற அளவுக்கு முறுக்கு. வழியில் யார் கொடுப்பதையும் தின்னக்கூடாதே. பை வாய் மூட மறுத்தது. முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்து மூடினேன்.

ரிஷிகேஷ் பஸ் பிடிக்கக் கஷ்மீரி கேட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். அக்கா முன்னால் போய் மாட்டிக்கொண்டார், நான் பின்வாசல் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் முதுகில் ஒரு பாரம். யாரோ பையில் கை வைத்து அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பினேன். சுவருக்கு வெள்ளையடிக்கிற ஆள், முகத்திலும் புருவத்திலும் சுண்ணாம்புப் புள்ளிகள். ஒரு கையில் பிரஷ்கள் போட்ட தகர வாளி. இன்னொரு கை என் பையின் மேல் விரிந்திருந்தது.

"பெஹன்ஜி," என்றார், "ஆப்கீ செயின் குல் கயீ."

சகோதரி, உங்கள் செயின் கழன்றுவிட்டது. கழுத்தைத் தொட்டேன். வெறும் கழுத்து.

அந்தக் காலை நான் பேசிய ஹிந்தியில் ஒரு பிழை கிடையாது. "சோர்! மேரீ செயின்! சோர்!" என்று பஸ்ஸே அதிரக் கத்தினேன். திருடன், என் செயின், திருடன்.

நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் கன்னத்தில் அறைந்தான். இன்னொரு அறை யார் கொடுத்தது என்று தெரியாது. வாளி கவிழ்ந்து பிரஷ்கள் கால்களுக்கடியில் உருண்டன. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டு அவர் பாக்கெட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பீடிக்கட்டு, தீப்பெட்டி, சுண்ணாம்புக் கறைபட்ட துணி ஒன்று. அந்த மனுஷர் திரும்பத் திரும்ப ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. ஜெசிந்தா அக்கா முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஏட்டி, நிறுத்து! உன் பையப் பாரு, ஜிப்பு வாயப் பொளந்து கெடக்கு! செயின்னா இந்த ஊர்ல ஜிப்புட்டி! சாமான் கீழ விழாம அந்த மனுசன் கைய வச்சிப் பிடிச்சிட்டு நின்னிருக்காரு. அதத்தான் சொல்லுதாரு."

"அப்ப என் செயின்?" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

"அத நீ எங்க வச்ச?"

ஞாபகம் வந்தது. ஜிப் பிளந்த வாயில் அந்தக் காலுறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டை முடிச்சு உள்ளே பத்திரமாக இருந்தது. அவர் கை இல்லாவிட்டால் அது டெல்லித் தெருவில் எங்கேயோ விழுந்திருக்கும்.

அறைந்த இளைஞன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தான். மன்னிப்புக் கேட்க ஹிந்தியில் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அது நான் படிக்காத பக்கங்களில் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு "சாரி, சாரி" என்றேன். அக்கா எனக்காக ஹிந்தியில் நிறையச் சொன்னார். வெள்ளையடிக்கிறவர் குனிந்து பிரஷ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். நிமிர்ந்தபோது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"பஹ்லே செயின் பந்த் கர் லோ," என்றார். முதலில் ஜிப்பை மூடு. சொல்லிவிட்டு அங்கேயே இறங்கினார். அவர் இறங்கவேண்டிய இடம் அது இல்லை என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். அவர் திரும்பவில்லை.

அக்கா ஒரு பேண்டேஜ் ரோலை எடுத்து, கால் உடைந்தவனுக்குச் சுற்றுவதுபோல் பையைச் சுற்றிக் கட்டினார். மலைக்குப் போனோம். கங்கை இருந்தது, காடு இருந்தது, எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்கு அந்த விரல் தடம்தான் தெரிந்தது. பை அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக உழைத்தது. இரண்டு முறை ஜிப் மாற்றினேன். துணி, தையல், பட்டை மூன்றும் கடைக்காரர் சொன்னபடியே பக்கா.

அன்றைய டெல்லியில் எனக்குத் தெரிந்தவற்றில் இப்போது பாதி இல்லை. அன்று நாங்கள் ஏறிய தனியார் பஸ்கள் போய்விட்டன. விடுதிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஜெசிந்தா அக்கா வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். இவையெல்லாம் தானாகப் போனவை, இவற்றுக்கு நான் பொறுப்பில்லை. ஒன்று மட்டும் என்னால் போனது.

மூன்று மாதம் அதே பஸ்ஸில் சனிக்கிழமை தோறும் போனேன். "முஜே மாஃப் கீஜியே, கல்தீ மேரீ தீ" என்று அக்கா சொல்லிக்கொடுத்ததை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் அவர் ஏறினார். அதே வாளி. நெருக்கிக்கொண்டு கிட்டப் போய் மனப்பாடத்தை ஒப்பித்தேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "டீக் ஹை, டீக் ஹை," பரவாயில்லை என்று தலையாட்டினார். கோபமில்லாத முகம். எனக்கு அழுகை வந்தது.

அப்போது எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஒரு டீச்சரம்மாவின் தோள்பை திறந்து கிடந்தது. பர்ஸ் விளிம்புக்கு வந்துவிட்டது. வெள்ளையடிக்கிறவர் அதைப் பார்த்தார். பிறகு வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.