மேலுதட்டில் ரவைப் புள்ளி

என் மேலுதட்டில் ரவை தூவினதுபோல் மங்கல் மஞ்சளாய்ச் சில புள்ளிகள் உண்டு. நோவில்லை, சொறியவைக்கிற கடியுமில்லை. கம்பஸில் படிக்கும்போது பயந்துபோய் டொக்டரிடம் காட்டினேன். மயிர்க்காலோடு இருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பி மயிரில்லாத இடத்தில் வந்திருக்கிறது, கனபேருக்கு இருக்கிறது, தொற்றாது, மருந்தும் வேண்டாம் என்றார். அதோடு மறந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் பெண் பார்க்கப் போனபோதுதான் அது பெரிய விஷயமாயிற்று.

அப்பா பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருக்கிற எங்களுக்கு அந்த மாடி வீட்டில் வடையும் தேத்தண்ணியும் கிடைத்திராது. சாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணும் நானும் போனில் கதைத்து, இரண்டு பேருக்கும் பிடித்தும் இருந்தது. மிச்சம் பெண்ணின் லண்டன் மாமாவின் சம்மதம். அவரைப் பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள், வீடியோ கோலில்.

“தம்பி, லைற் பக்கம் திரும்புங்கோ. சொண்டில என்ன அது?”

“எண்ணெய்ச் சுரப்பி, மாமா. வருத்தமில்லை.”

“எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். எங்கையெங்கை திரிஞ்சனீரோ!”

பெண்ணின் தாய் நான் குடித்த கோப்பையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு குசினிக்குக் கழுவப் போனார். தகப்பன் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எத்தனை பிள்ளைகளுக்குச் சுரப்பிகளைப் பற்றிப் படிப்பித்திருப்பார்? அந்த மனிசன் வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா பதறினா. “சின்னனில சுடுதேத்தண்ணி பட்டது, அண்ணை.”

“பாத்தீங்களே, தாய் ஒண்டு சொல்லுறா, மகன் வேற ஒண்டு!” மாமா இன்னும் வடிவாய்ப் பார்க்கவென்று முகத்தைப் போனுக்குள் நுழைத்தார். மீசை மழித்த மேலுதடு திரையை நிறைத்தது. என்னுடையதைவிட நெருக்கமாய், வாய் முனைவரைக்கும் அதே புள்ளிகள்.

“மாமா, உங்களுக்கும் இருக்கு. நீங்கள் எங்கை திரிஞ்சனீங்கள்?”

கோல் கட்டாயிற்று. குசினிக்குள்ளிருந்து பெண் சிரித்தது கேட்டது.

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் திரும்பியபடி ஏசினா. “படிச்சனியெண்டா அடங்கி இருக்க வேணும். வாயை வச்சுக் கெடுத்துப்போட்டாய்.”

அடுத்த நாள் கலியாணப் புரோக்கர் பதில் கொண்டுவந்தார். பெடியனுக்கு மரியாதை போதாதாம். புள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை இனி எந்த முகத்தோடு சொல்வார்கள்?

சீ, இந்தச் சனத்தின் வீட்டுக்கா மருமகனாகப் போக அவதிப்பட்டேன்! ஆனால் அவளும் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அது மட்டும்தான் நோகிறது.