கப்பல் வரும்வரை ராஜா உயிரோடிருந்தார்

அஜ்மானிலிருந்து துபாயின் அல் குசைஸுக்குக் காலையில் காரில் வரும் ஒன்றேகால் மணி நேரம்தான் என் ஆராய்ச்சி நேரம். வீட்டில் முடியாது. ஆபீஸில் முடியவே முடியாது. என் கணவர் வண்டி ஓட்டுவார். நான் பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய புதுச்சேரிக்குப் போய்விடுவேன். ஜனவரியில் சில நாள் மூடுபனி இறங்கும். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், பாக்கியெல்லாம் பால். அந்தப் பாலுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்டை இருக்கலாம், கடற்கரை இருக்கலாம், பாய் இறக்கிய கப்பல் ஒன்று நிற்கலாம். "உன் ராஜா என்ன சொல்றார் இன்னைக்கு?" என்று அவர் கிண்டலடிப்பார். "ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்றார்" என்பேன்.

கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன ஆராய்ச்சி அது. வியாபாரக் கம்பெனியின் காலம் முடிந்து, பிரெஞ்சு ராஜாவே நேரடியாக ஆண்ட காலத்துப் புதுச்சேரி. ஆட்சி என்றால் ஏதோ பெரிய யந்திரம் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். பார்த்தால் இரண்டு ஆட்களின் சண்டை! ஒருவர் கவர்னர். பட்டாளம், கோட்டை, அக்கம்பக்கத்து ராஜாக்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் நிர்வாக அதிகாரி. கிடங்கும் கஜானாவும் அவர் கையில். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளட்டும் என்றுதான் ராஜா வேண்டுமென்றே இப்படி வைத்திருந்தார். இவர்களும் அப்படியே கவனித்துக்கொண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்லி மந்திரிக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் சண்டைக்குக் காரணம் என்னவென்றே மறந்திருக்கும்.

இவர்களோடு ஒரு சபை. ஐரோப்பியர்களின் வழக்கு அங்கே நடக்கும், தமிழர்களின் வழக்கு சாவடி என்ற தனிக் கோர்ட்டில். ராஜாவின் ஆணை கப்பலில் வந்து இறங்கினால் மட்டும் போதாது. சபை கூட வேண்டும், ஆணையை வாசிக்க வேண்டும், சபையின் எழுத்தர் அதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் அது ஊரில் செல்லும். அதுவரை ராஜா வாயே திறக்காத மாதிரிதான். அந்த எழுத்தரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கவர்னருக்குச் சிலை வைப்பார்கள், எழுத்தருக்கு யார் வைப்பார்கள்?

ஆனால் என்னை ஆட்டிவைத்தது வேறு விஷயம். ராஜா செத்துப்போனால் என்ன ஆகும்? சேதி கப்பலேற வேண்டும், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். மாதக்கணக்காகும். அத்தனை மாதமும் சபை வழக்கம்போலக் கூடியது. ராஜாவின் பெயரால் தீர்ப்புச் சொன்னார்கள், சொத்துக்கு வாரிசு யாரென்று முடிவு செய்தார்கள், ஆட்களைக் காவலில் வைத்தார்கள். அங்கே அவரைப் புதைத்தாகிவிட்டது, இங்கே அவர் ஆண்டுகொண்டிருந்தார். பனிக்குள் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கையில் இதை நினைத்தால் எனக்குச் சொக்கிவிடும். ஊர் முழுக்க வெயிலும் மணலும் பூவரச நிழலுமாக, யாருக்கும் தெரியாமல் ராஜாவே இல்லாத ஒரு ராஜாங்கம்.

இனி ஆபீஸ். புஜைராவில் எண்ணெய் சேமிக்கும் டேங்குகளைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் நிர்வாக உதவியாளர். லீவு ஃபார்ம், விசா பேப்பர், ஆட்களின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இரும்பு அலமாரியின் சாவி, எல்லாம் என்னிடம். பாஸ்போர்ட் வெளியே போக இரண்டு கையெழுத்து வேண்டும். சைட் மேனேஜர் ஒன்று, ஆபீஸ் மேனேஜர் ஒன்று. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஓனர் வருஷத்தில் பாதி நாள் ஐரோப்பாவில். முதல் வாரமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு திங்கட்கிழமை காலை நின்றது. ஒன்பது மணிக்கு அரியலூர்ப் பக்கமிருந்து ஒரு போன்.

"மேடம், உங்க கம்பெனி பையன், புஜைரா கேம்ப்ல இருக்கானே, அவனோட மச்சான் பேசுறேன். எங்க மாமனார் இன்னைக்கி வெடியக்காலம் தவறிட்டாரு."

எனக்கு அந்தப் பையனைத் தெரியும். பையன் என்று அவர் சொன்னாலும் முப்பது வயது ஆள். ஆபீஸுக்கு வந்தால் "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். ஒரே மகன்.

"அவன்தான் மேடம் கொள்ளி வைக்கணும். ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். நாளைக்கி மதியம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல சொந்தக்காரங்க விடமாட்டாங்க. ஆனா அவன்கிட்ட செத்துட்டாருன்னு சொல்லிராதீங்க. சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க. தனியா வர்றவன், வழியில ஏதாச்சும் ஆயிட்டா?"

"அவருக்கு வாட்ஸப்ல தெரிஞ்சிடாதா?"

"யாரும் ஸ்டேட்டஸ் போடக் கூடாதுன்னு ஊர் பூரா சொல்லிட்டோம் மேடம்."

டேங்கு இருக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. காலை ஆறு மணிக்குப் போனை கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அப்பா ஊரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சைட் மேனேஜர் உடனே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பிவிட்டார். ஆபீஸ் மேனேஜர் ஃபார்மைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். சைட்டில் ஆள் குறைவு, இந்த வாரம் யாருக்கும் லீவு இல்லை என்று ஓனர் சொல்லியிருக்கிறார், அவரைக் கேட்காமல் போட முடியாது. ஓனருக்குப் போன் போட்டோம். விமானத்தில் இருந்தார். "இறங்கட்டும், பார்ப்போம்" என்றார் மேனேஜர். சைட் மேனேஜர் முதலில் கையெழுத்துப் போட்டதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருச்சிக்கு அன்றைய விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாள் சாயங்காலம்தான். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. எனக்குக் கோபம் சுள்ளென்று தலைக்கேறியது. அவசரம் என்றால் கவர்னர்கள் முதலில் காரியத்தைச் செய்துவிட்டு, தங்கள் சித்தம் எப்படியோ அப்படி என்று பிறகு ராஜாவுக்கு எழுதுவார்கள். எத்தனை கடிதத்தில் படித்திருக்கிறேன்! அலமாரியைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்தேன். ரிஜிஸ்டரில் தேதி போட்டு, 'ஓனர் அனுமதி பிறகு பெறப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் மேனேஜர் ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கலாஸ் சார், முடிஞ்சது. குடுத்தாச்சு. என் பேரை எழுதி ஓனருக்கு அனுப்புங்க."

உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏதோ நானே சபையைக் கூட்டி ஆணை பிறப்பித்த மாதிரி.

டிக்கெட் போட்டாயிற்று. கம்பெனி வண்டி அவனைப் புஜைராவிலிருந்து நேராக ஷார்ஜா ஏர்போர்ட்டுக்குக் கூட்டிவந்தது. நான் டாக்ஸியில் போய்ப் பாஸ்போர்ட்டோடு வாசலில் நின்றேன். அவன் இறங்கினான். வேலை உடுப்புக்கு மேல் ஒரு ஜாக்கெட், கையில் ஒரு சின்னப் பை, முகமெல்லாம் கலவரம்.

"அக்கா, வீட்டுக்குப் போட்டா யாருமே எடுக்கல. அப்பாவுக்கு என்னக்கா?"

"கொஞ்சம் சீரியஸ்பா. ஆஸ்பத்திரியில இருக்காராம்."

"பேசுறாராக்கா?"

மச்சான் சொல்லச் சொன்னது 'சீரியஸ்' என்ற ஒரு வார்த்தைதான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் நிறுத்த முடியவில்லை.

"பேசுறாராம். உன்னைத்தான் கேக்குறாராம், எப்ப வருவான், எப்ப வருவான்னு."

அவன் அப்படியே நின்றான். "என்னையா?" என்றான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று உள்ளே ஓடினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். சரியாகச் சொன்னோம், பயல் தைரியமாகப் போவான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்து, கொள்ளி வைத்தான் என்று மச்சான் செய்தி அனுப்பினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வாங்கி டிராயரில் போட்டேன். ஓனர் இறங்கியதும் "கொடுத்துவிடுங்கள்" என்றுதான் சொன்னாராம். அந்த மாதம் எழுத்து வேகமாக ஓடியது. ராஜா இறந்த சேதி வராத அந்த மாதங்களைப் பற்றிய அத்தியாயத்தைக் காரிலேயே முடித்தேன். அந்தத் தாமதத்தால் புதுச்சேரியில் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை என்று எழுதி, வண்டி ஓட்டிய கணவருக்கு வாசித்தும் காட்டினேன். பனி போய் ரோடு பளிச்சென்று இருந்தது. "நல்லா இருக்கு" என்றார்.

முப்பது நாள் கழித்து அவன் திரும்பி வந்தான். மொட்டை போட்ட தலையில் முடி முளைத்திருந்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க ஆபீஸுக்கு வந்தவன், என் மேசைக்கு எதிரில் உட்காராமல் நின்றான். நான் எழுந்தேன். "சாப்டியாப்பா?" என்றேன்.

"சாப்டேன்க்கா." கையிலிருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பினான். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பா என்னைக் கேக்குறாருன்னு சொன்னீங்கல்ல. அத உங்ககிட்ட யாருக்கா சொன்னா?"

நான் பாஸ்போர்ட் ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்தேன்.

"அம்மாகிட்ட கேட்டேன். அவரு தூக்கத்துலயே போயிட்டாருன்னு அம்மா சொல்லுது. முந்தின நாளு கேட்டாரான்னு கேட்டேன். அதுக்கு முந்தின நாளுன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. ஒருவேளை மச்சான் உங்ககிட்ட சொல்லியிருப்பாரோன்னு..."

"இல்லப்பா" என்றேன். "நானா சொன்னது. மன்னிச்சிடு."

அவன் தலையை ஆட்டினான். கத்தியிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் கூனிக்குறுகி நின்றேன்.

"எங்கப்பா என்னோட பேசி மூணு வருசம் ஆச்சுக்கா. வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு கோவம். போன்ல என் குரல் கேட்டாலே அம்மாகிட்ட குடுத்துட்டு எழுந்து போயிருவாரு." பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தான். "அன்னைக்கி பிளேன் பூரா நான் சிரிச்சுக்கிட்டே போனேன்க்கா. பக்கத்து சீட்டுக்காரர்கிட்டகூட சொன்னேன், எங்கப்பா என்னோட பேசப் போறாருன்னு."