மண்ணில்லாத நாட்டின் டிரைவர்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் ‘தூதர்’. பால் வாங்கப் போனால்கூட யாராவது ஒருவர், “என்ன தூதரே, உங்க நாட்டுல மழை உண்டா?” என்று இழுப்பார். இவரும், “முதல்ல நாடு கிடைக்கட்டும், மழையைப் பாத்துச் சொல்றேன்” என்று சிரித்துவிட்டு வருவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவருக்கோ கோபம் எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாது.

அவர் தூதர் இல்லை, தூதரகத்து டிரைவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இரண்டே அறைகள். வாசலில் பித்தளைப் பலகை. உள்ளே வயதான டாக்டர் ஐயா ஒருவர், அவர்தான் தூதர். ஒரு டைப்பிஸ்ட் அக்கா. கீழே வெள்ளை வேன். அவ்வளவுதான் அந்தத் தூதரகம். அது எந்த நாட்டுக்கு என்று கேட்டால், அங்கேதான் வம்பு. அந்த நாட்டுக்கு ஒரு முழம் மண்கூடக் கிடையாது.

“போகாத ஊருக்கு வழி சொல்றவனைப் பாத்திருக்கேன். இல்லாத ஊருக்கு வண்டி ஓட்டுறவனை இப்பத்தான் பாக்குறேன்” என்று, இவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, முகத்துக்கு நேராகவே சொன்னான் என் அண்ணன். இவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, “சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துடுது மச்சான்” என்றார். என் அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

விஷயத்தை எனக்குப் புரியும்படி சொன்னது டைப்பிஸ்ட் அக்காதான். “இது நோயாளிகளைப் பாத்துக்கிறதுக்காக ஆரம்பிச்ச சபைம்மா. ஒரு காலத்துல அவங்களுக்குத் தீவு இருந்துச்சு, சண்டையில போச்சு. ஆனா அவங்க வேலையை விடல, மத்த அரசாங்கங்களும் மரியாதையை விடல. ஒப்பந்தத்துல சரிசமமா கையெழுத்து, தூதர், பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. ஒத்துக்கிட்டவங்களுக்கு இது ஒரு அரசு மாதிரிதான்.”

“அப்ப இந்த ரூமுக்குள்ள வந்தா வெளிநாடா?”

“ஐயோ, இல்ல. இது நம்ம மண்ணுதான். ஆனா அவங்க சொல்லாம போலீஸ்கூட உள்ள வரக் கூடாது.”

அது உண்மைதான். ஒருநாள் குழாய் உடைந்து, கீழே கண்ணாடிக் கடையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியபோது, பிளம்பர் ஸ்பேனரோடு ஒரு மணி நேரம் படியிலேயே நின்றான். டாக்டர் ஐயா வந்து ‘உள்ளே வாப்பா’ என்று சொன்ன பிறகுதான் காலை வைத்தான்.

வேனின் முன்பக்கம் சிறு கம்பியில் அந்தச் சபையின் கொடி இருக்கும். டாக்டர் ஐயா வண்டியில் இருந்தால் மட்டுமே அது பறக்க வேண்டும். மற்ற நேரத்தில் உறை போட்டு மூடியிருக்கும். உறை தைத்தது நான். பை தைப்பதுதான் என் பிழைப்பு. கறுப்பு ரெக்ஸினில், அடிப்பக்கம் இரட்டைத் தையலோடு, மழைத்தண்ணீர் இறங்காதபடி தைத்திருந்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். இக்கரை ஒரு அரசு, அக்கரை ஒரு அரசு. நடுவில் இருக்கிற மணல்திட்டு யாருக்கு என்று சண்டை. என் தங்கை வாழ்க்கைப்பட்டது அக்கரையில். ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. அந்த மாத்திரை இக்கரையில்தான் கிடைக்கும். மாதாமாதம் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

“அக்கா, இன்னும் பதினாறு நாளைக்கு இருக்கு. பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கிறேன், நீ பயப்படாத” என்றாள் போனில். பயப்படாதே என்றால் நின்றுவிடுமா பயம்?

அந்தப் பாலத்தில் போகிற ஒரே வண்டி என் வீட்டுக்காரருடைய வேன். வியாழக்கிழமைதோறும் அக்கரை ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகள். இரண்டு அரசும் சம்மதித்த பட்டியல் ஒன்று உண்டு. பாலத்தில் நிற்கிற அதிகாரிகள் வண்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். “பட்டியல்ல இருக்கிறது மட்டும்தானா?” என்று கேட்பார்கள். “மட்டும்தான்” என்பார் இவர். பாலத்துத் தடுப்புக் கதவு திறக்கும்.

“ஒரு பொட்டலம்ங்க. உள்ளங்கையில அடங்கிடும்” என்றேன்.

“டாக்டர் ஐயாகிட்ட கேட்டுட்டேன். தனி ஆளு பேரைச் சேக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். மூணு வாரம் ஆகுமாம். கடிதம் போட்டுட்டார்.”

“மூணு வாரமா? அவகிட்ட பதினாறு நாள்தான் இருக்கு! சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார். பிறகு, “ரெண்டு அரசும் ஏன் நம்மள விடுறாங்க தெரியுமா? நம்ம சபைக்காரங்க வந்து அந்தத் திட்டு எங்களுதுன்னு கேக்க மாட்டாங்க. மண்ணுள்ள நாடு பொய் சொன்னா மண்ணாவது மிஞ்சும். இவங்ககிட்ட அந்த ‘மட்டும்தான்’ தவிர வேற என்ன இருக்கு?” என்றார்.

கல்லுளிமங்கனோடு பேசி ஆகாது என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். புதன்கிழமை, உறை கிழிந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று வாங்கி, நான்கு அட்டை மாத்திரையைச் சுருட்டி உள்ளே வைத்து, அடியில் இரண்டே தையல் போட்டேன். தங்கை வீட்டுக்காரருக்கு அந்த ஆஸ்பத்திரி ஸ்டோரில்தான் வேலை. வண்டி முற்றத்தில் நிற்கும்போது தையலைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டேன். டாக்டர் ஐயா பாலத்துக்குப் போவதே இல்லை. ஆகவே உறை கழற்றப்படாது.

அந்த வியாழக்கிழமை பார்த்து டாக்டர் ஐயா, “நானும் வரேன்” என்று பாலத்துக்குப் பக்கத்தில் வந்து வண்டியில் ஏறினார். தலைவிதி என்பது வேறு என்ன? அவர் ஏறினால் கொடி பறக்க வேண்டும். இவர் இறங்கி, இரண்டு கரை அதிகாரிகளும் பார்த்துக்கொண்டிருக்க, உறையை உருவினார். நான்கு அட்டையும் தார் ரோட்டில் விழுந்தன.

இக்கரை அதிகாரி இவரை இரண்டு வருஷமாக அறிந்தவர். குனிந்து எடுத்து, மெதுவாக, “மருந்துதானே அண்ணே. பட்டியல்ல இருக்கும். இருக்கும்ல?” என்று கேட்டாராம். ‘ஆமாம்’ என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும்.

“இல்ல சார். பட்டியல்ல இல்ல. என் கொழுந்தியாளுக்கு” என்றிருக்கிறார் இந்த மனுஷன்.

டாக்டர் ஐயா “வண்டியைத் திருப்புப்பா” என்றார். அதிகாரிகள் யாரும் திருப்பச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாற்பது பெட்டியும் திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்து உறையை மேசைமேல் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்து ஆறியிருப்பேன். “தலையை ஆட்டியிருந்தா என்னங்க? உங்க கொடி அறுந்து விழுந்துருக்குமா?” என்று நான்தான் கத்தினேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த நாற்பது பெட்டி என் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே எத்தனை பேருடைய தங்கைமார் காத்திருந்தார்களோ!

ஐந்தாம் நாள் மாடியேறிப் போய், அந்த வாசற்படியிலேயே நின்றேன். “தப்பு என்னுது ஐயா. அவருக்குத் தெரியாது. தண்டனையை எனக்குக் கொடுங்க.”

“எங்கம்மா கொடுக்கிறது? ஜெயில் கட்டக்கூட எங்களுக்கு இடம் இல்லையே” என்றார் டாக்டர் ஐயா. “உள்ள வா. நடந்ததை நடந்தபடி ரெண்டு பக்கமும் எழுதியாச்சு. இப்ப நாங்க செய்யக்கூடியது அதுதான்.” தங்கையின் வயது, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று எல்லாம் கேட்டு மறுபடி எழுதிக்கொண்டார்.

பதில் வருவதற்குள் தங்கை விழுந்துவிட்டாள். அரை மாத்திரை தாங்கவில்லை. சமையலறைப் படியில் விழுந்து நெற்றி பிளந்து, ஏழு தையல். போனில் கேட்டபோது இவரும் பக்கத்தில்தான் நின்றார். கேட்டுவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன், சொல்லவும் சொன்னேன்.

மூன்றாம் நாள் அக்கரையிலிருந்து கடிதம் வந்தது. ‘தன்னைத் தானே திருப்பிக்கொண்ட வண்டியை நாங்கள் சோதிக்கத் தேவையில்லை. வழக்கம்போல வரலாம்’ என்று எழுதியிருந்ததை டைப்பிஸ்ட் அக்கா படித்துக் காட்டினாள். இக்கரையும் ஒத்துக்கொண்டது. அந்த வியாழக்கிழமைப் பட்டியலில் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்தொன்று என்று என் தங்கையின் மாத்திரை. நான் புது உறை தைத்துக் கொடுத்தேன், இரண்டு பக்கமும் திறந்தபடி. “மழை இறங்கும்” என்றார் இவர். “இறங்கட்டும்” என்றேன்.

மாத்திரை போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் இக்கரை அதிகாரியே, அக்கரையில் இருக்கிற தன் அம்மாவின் இதய மாத்திரையைப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்டு மாடியேறி வந்தார். வாசலில் நின்று, உத்தரவு கேட்டுத்தான் உள்ளே வந்தார். பாலம் திறக்கும்போது பட்டியல் அறுபத்து மூன்று வரைக்கும் வளர்ந்திருந்தது.

பாலம் திறந்த மறுநாளே தங்கை வந்தாள். நெற்றியில், புருவத்துக்கு மேலே, வெள்ளையாக ஒரு கோடு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான். தழும்பைத் தொட்டுக் காட்டி, “மாமா, இது மட்டும் பட்டியல்ல இல்லாம வந்துடுச்சு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர் எழுந்து வெளியே போனார். காலையில்தான் கழுவிய வேனை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லையே என்று போய்ப் பார்த்தேன். குழாய் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இத்தனை நாளும் வேன் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் எவ்வளவு பெரிய மடச்சி!

குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஒரு தலையாட்டுத்தானே” என்றார். “எனக்கும் ஆட்டணும்னுதான் இருந்துச்சு.”