மாப்பிள்ளை வண்டியின் ஆயில் மீட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த காலம். இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷங்கள் இருந்தன. பாகூரில் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டு வீட்டுப் பெண்களின் நகைகளும் அதற்குள்தான் போயிருந்தன. ஓட்டுவது நான். வாடகை பிடிப்பதும் வாய் பேசுவதும் மச்சான். அவர் வாய் சாதாரண வாய் இல்லை, ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி.

அந்த வண்டியில் எனக்கு ஆயில் மீட்டர் என்றால் தனி பயம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்ன வட்டமாக இருக்கும். இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வந்து அதன் முதுகில் சேரும். ஆயில் நல்ல அழுத்தத்தோடு சுற்றினால் முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும். முள் பூஜ்யத்துக்கு விழுந்த பிறகும் ஓட்டினால் பேரிங் உருகி இன்ஜின் இறுகிவிடும். அந்த இன்ஜினுக்கு உதிரி சாமான் கப்பலில்தான் வரவேண்டும். அதனால் சாலையில் பாதி, முள்ளில் பாதி என்றுதான் என் கண் இருக்கும்.

எங்கள் தெருப் பையனுக்கு வில்லியனூரில் பெண் எடுத்திருந்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எங்கள் காருக்கு. உறவுக்காரர்கள் விடியும்போதே மாட்டு வண்டிகளில் கிளம்பிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அவரைப் பெற்ற அத்தாவும் என் மச்சானும்.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு நிலமும் இங்கிலீஷ் நிலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு அரசாங்கத்தையும் பார்த்துவிடலாம். இங்கிலீஷ் எல்லைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. உடனே இன்ஜினை நிறுத்தி வண்டியை ஓரம் கட்டினேன்.

"இன்னாப்பா, நட்ட நடு ரோட்ல நிறுத்திட்ட?" என்றார் மச்சான்.

"முள்ளு வுழுந்துடுச்சி."

"முள்ளு தானே வுழுந்துது, சக்கரம் வுழலியே! வுடு வண்டிய."

நான் விடவில்லை. பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. எங்கும் ஒழுகவில்லை. நிறுத்துவதற்கு முன் இன்ஜினில் தட்டும் சத்தமும் இல்லை. அப்படியானால் கோளாறு ஆயில் பம்பிலா, மீட்டரிலா? மீட்டரின் முதுகிலிருந்து குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, மச்சானை முன்னால் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றச் சொன்னேன். ஆயில் வருகிறதா என்று பார்க்கும் ஆசையில் மாப்பிள்ளையும் குனிந்தார். வந்தது. நேராக அவர் வெள்ளைக் கோட்டின் மேலேயே வந்தது.

அவருடைய அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! புள்ளய இந்தக் கோலத்துல எப்படிரா பொண்ணு வூட்ல எறக்குவேன்?"

"ஆயில்தான் வருதே, கெளம்பு" என்று மச்சான் குதித்தார். ஆயில் வருவது வேறு, அழுத்தத்தோடு வருவது வேறு. பம்பு நோஞ்சானாகிப் போயிருந்தாலும் இப்படித்தான் வரும். ஓட்டினால் இன்ஜின் போய்விடுமோ என்று பயம். ஓட்டாவிட்டால் ஒரு நிக்காஹ் கெட்டுப் போகும். நல்ல மீட்டர் ஒன்று கையில் இருந்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அந்த வெட்டவெளியில் மீட்டருக்கு எங்கே போவது?

அப்போதுதான் கடலூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. கூரை முழுக்க மீன் கூடைகள். உள்ளே சந்தைக்குப் போகிற மீனவப் பெண்கள். டிரைவர் கனத்த ஆள். நான் கூப்பிடாமலே இறங்கி வந்து என் கதையைக் கேட்டார்.

"என் வண்டி மீட்டரு நல்லா கீது. கழட்டி உங்க குழாய்ல மாட்டிப் பாத்துருவமா?" என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. பஸ் கண்டக்டர்தான் கத்தினார். "அண்ணே, வெயிலு ஏறுது. மேல மீனு கீது. சந்த கலஞ்சிடும்ணே!"

டிரைவர் ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாளைப் பார்த்தார். வெற்றிலை போட்ட வாயோடு அந்த அம்மாள் எண்ணெய் வழிந்த எங்கள் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனு காஞ்சா கருவாடாவும். கல்யாணம் காஞ்சா இன்னாவும்? கழட்டுப்பா நீ" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டரும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கழற்றிய மீட்டர் எங்கள் குழாயில் சேரவில்லை. பிரெஞ்சுத் திருகின் மரை ஒரு கணக்கு, இங்கிலீஷ் மரை ஒரு கணக்கு. டிரைவர் தன் பெட்டியிலிருந்து ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து இரண்டையும் இணைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினார். இன்ஜின் ஓடியது. முள் கிடுகிடுவென்று ஏறி முப்பதில் நின்றது.

முப்பது! மூன்றையே தாண்டாத வண்டியில் முப்பது! நான் பதறிப்போய் இன்ஜினை அணைத்தேன். "வெடிக்கப் போவுதுடா!" என்று மச்சான் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்பில் ஓடினார். பஸ் டிரைவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"ஒண்ணும் வெடிக்காது, வாங்கய்யா! உங்க மீட்டரு கிலோவுல பேசுது. என்து பவுண்டுல பேசுது. முப்பது பவுண்டுன்னா உங்க கணக்குல ரெண்டு சொச்சம். இன்ஜினு ஜோரா கீது."

பம்பு நன்றாக இருக்கிறது, செத்தது மீட்டர் மட்டும்தான் என்று தெரிந்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். செத்த மீட்டரையே குழாய்க்கு மூடியாகத் திரும்ப மாட்டினோம். டிரைவர் தன் மீட்டரைத் தன் வண்டியில் பூட்டினார். அதற்குள் அந்த வெற்றிலை அம்மாள் இறங்கி வந்து, பொடி மண்ணை அள்ளி மாப்பிள்ளையின் கோட்டில் தேய்த்து எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டார். பஸ் எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டது. மிச்சக் கறையை அத்தாவின் சால்வை மறைத்தது. அந்த அம்மாளின் கைவாசனையை மட்டும் எதுவும் மறைக்கவில்லை. லுஹர் முடிந்து ஆட்கள் பந்தலில் உட்காரும்போது போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை மேல் மீன் வாசனை வருகிறதே என்று பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது.

அடுத்த வாரம் கடலூருக்குப் போனேன். பிரெஞ்சு மீட்டர் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் மீட்டரே வாங்கி, லேத் பட்டறையில் பித்தளை இணைப்பு ஒன்று கடைந்து மாட்டிக்கொண்டேன். திரும்பும்போது எங்கள் சுங்கச் சாவடிக்காரர் அதற்கும் தீர்வை கட்டச் சொன்னது வேறு கதை. பழையதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே முள்ளைத் திருப்புகிற சின்னப் பல் சக்கரம் கழன்று கிடந்தது. மச்சான் மட்டும் ரொம்ப நாள் முன் சீட்டில் உட்காரவில்லை. முப்பதைப் பார்த்தால் அவருக்கு உட்கார முடியாதாம்.

சில மாதங்கள் கழித்து அந்த பஸ் டிரைவரை வழியில் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மீன் என்னாயிற்று என்று கேட்டேன். அவர் முதலில் சொல்லவே மாட்டேன் என்றார். வற்புறுத்திய பிறகுதான் சொன்னார். அவர்கள் போனபோது சந்தை கலைந்துவிட்டதாம். பாதிக் கூடைகள் விலை போகாமலே திரும்பினவாம்.

"ரொம்பத் திட்டுனாங்களா?" என்றேன்.

"யாரும் உன்னய ஒரு வார்த்த சொல்லலபா. திரும்பி வரும்போது அந்த எடத்துல பஸ்ஸ நிறுத்தச் சொல்லி, காரு நிக்குதா பாருன்னாங்க. இல்லன்னதும், 'அப்ப மாப்புள்ள நேரத்துக்குப் போயிட்டான்டி'ன்னு எல்லாரும் கைத்தட்டுனாங்க."

எத்தனையோ வண்டிகளை ஓட்டிவிட்டேன், எத்தனையோ மீட்டர்களை மாற்றிவிட்டேன். யாருமில்லாத சாலையோரத்தைப் பார்த்து எங்களுக்காகத் தட்டிய அந்தக் கைகளை நினைத்தால் மட்டும், இன்றைக்கும் வழியில் நிற்கிற எந்த வண்டியையும் தாண்டிப் போக என் காலுக்கு மனசு வருவதில்லை.