சிவப்புப் பட்டு ரவிக்கை

சுதந்திரப் போராட்ட நாட்களில் மைசூரில் பெண்கள் ஹைஸ்கூலில் தையல் டீச்சராக இருந்தேன். தையலைத் தொழிலாக எடுக்க விரும்பிய மாணவிகளுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். எல்லோருக்கும் சிவப்புப் பட்டு தந்து, அவரவர் அளவுக்கே ரவிக்கை தைத்து அணிந்து வரச் சொன்னேன்.

கொள்ளேகால் கனகத்தின் தையல்தான் மிக நேர்த்தி. ஆனால் வழக்கமான வெள்ளைச் சேலையில், ரவிக்கையை மடித்துக் கையில் வைத்தபடி நின்றாள்.

"போட்டுக்கிட்டு வா. இல்லேன்னா மார்க் கிடையாது" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"வூட்டுக்காரரு போனதுக்கப்பறம் சிவப்பு போடக்கூடாதுங்க டீச்சர். தெச்சுக் குடுத்தா மட்டும் போதுங்களா?"

அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வெள்ளையைக் கதர்ப்பற்று என்றே நினைத்திருந்தேன். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

அவளுக்கு அளவெடுத்தது நான்தான். கழுத்தளவைக் கால் அங்குலம் பிசகாமல் குறித்தேன். அதற்கு ஒரு சாண் மேலே, பொட்டில்லாத நெற்றியைப் பார்க்கவில்லை.